‘அடுப்ப அணை’ மரியெட்டாகிட்ட பத்திரமா இருக்கு

அவ இன்னும் வச்சிருக்காளாம் தம்பி. பத்திரமா வச்சிருக்காளாம். கேட்டீங்கல்ல, உங்க காதாலயே கேட்டீங்கல்ல? நான் இந்தப் பனியில வீட்டுச் செருப்போட ஓடி வந்து, "மரியெட்டா, அடுப்ப அணைக்கச் சொல்லி எங்கிட்ட சொன்னியாடி நீ?"ன்னு கேக்கறேன். அவ என்ன சொல்றா? நெஞ்சு மேல கைய வச்சுக்கிட்டு, "இல்ல ஐலா, சொல்லல. ஆனா கவலப்படாத, எங்கிட்டதான் இருக்கு, ஒரு துளி சிந்தல"ங்கறா. ஒரு துளி சிந்தலயாம். அத வச்சு நான் இப்ப என்ன பண்றது? அடுப்பு உள்ள எரியுது. "அடுப்ப அணை" வெளிய நிக்குது, பச்சக் கோட்டு போட்டுக்கிட்டு.

கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க, அங்க நின்னா ஏரிக்காத்து நேரா காதுக்குள்ள போகும். போர்வைய நல்லா இழுத்துப் போத்திக்கோங்க. தீயணைப்பு வண்டிக்காரங்க குடுத்ததா? எனக்கு ஏன் குடுக்கல... சரி விடுங்க. நீங்கதான புதுசா குடி வந்தவரு? காலையில வாசல்ல ஒரு மெத்தையோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தீங்களே. மெத்ததான் ஜெயிக்கும்னு நெனச்சேன். நல்ல நாள் பாத்து வந்தீங்க போங்க. வந்த அன்னிக்கே தீ மணி அடிச்சு, இந்தத் தண்டர் பே ஊர்க் குளிர்ல எல்லாரையும் ஆட்டு மந்த மாதிரி வண்டி நிறுத்தற எடத்துல நிக்க வச்சாச்சு. அவங்க சரின்னு சொல்ற வரைக்கும் யாரும் உள்ள போக முடியாது. அதனால நீங்க எங்கயும் ஓட முடியாது, நான் சொல்றத கேட்டுத்தான் ஆகணும்.

நான் ஐலா. ரெண்டாவது மாடி. இந்தக் கட்டடத்துல ரெண்டாவது மாடின்னா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள யாராச்சும் உங்க காதுல ஓதிடுவாங்க, அதுக்கு நானே சொல்லிடறேன். எங்க மாடியில எல்லாருக்கும் ஸ்கிட்சோஃப்ரினியா, மனச்சிதைவு நோய். ஆமா, அதேதான். அட, ஏன் பின்னாடி போறீங்க, பின்னால வாய்க்கா இருக்கு, பனி மூடிக் கெடக்கு, விழுந்துடுவீங்க. சினிமாவுல காட்டற மாதிரி கோடாலி எல்லாம் எங்ககிட்ட கெடையாது தம்பி. இருந்தாலும் வச்ச எடம் மறந்து போயிருக்கும்.

எல்லாரும் குரல் கேக்குதா, குரல் கேக்குதான்னுதான் கேப்பாங்க. கேட்டுச்சு. அது ஒரு காலம். இப்ப மாத்திரை அத பாத்துக்குது. எப்பவாச்சும் வந்தாலும் தூரத்துச் சொந்தக்காரன் மாதிரி எட்டிப் பாத்துட்டுப் போயிடும், காபி கூட கேக்காது. பிரச்சன அது இல்ல. பிரச்சன என்னன்னா... வந்து... என்ன சொல்ல வந்தேன்?

ஆங். இதுதான். இதேதான் பிரச்சன. இப்ப பாத்தீங்கல்ல?

பழசு எல்லாம் அப்படியே இருக்கும் தம்பி. ஒண்ணாங்கிளாஸ்ல எங்க டீச்சர் என்ன நெறத்துல காலுறை போட்டிருந்தாங்கன்னு கேளுங்க, சொல்றேன். எங்க அப்பா சவுனாவுல, அதான் நீராவிக் குளியல் ரூம்ல இருந்து வெளிய வந்து பனியில உருண்டப்போ பக்கத்து வீட்டு நாய் எப்படி பயந்து ஓடுச்சுன்னு கேளுங்க, குரைச்சுக் காட்டறேன். ஆனா இந்த நொடிக்கு ஒண்ண மனசுல புடிச்சு வச்சுக்கிட்டே இன்னொரு வேல பாக்கணும் பாருங்க... அங்கதான் கோட்ட விடறது. டாக்டர் என்ன சொன்னாருன்னா, எல்லார் மூளையிலயும் ஒரு சின்ன மேஜை இருக்காம். மத்தவங்க மேஜையில நாலஞ்சு சாமான் வைக்கலாமாம். எங்க மேஜை ஸ்டூல் அளவுதானாம். உப்பு டப்பா வச்சா மொளகு டப்பா உருண்டு கீழ விழுந்துடும். குனிஞ்சு மொளக எடுக்கறப்போ உப்பு விழுந்துடும். குரலுக்கு மாத்திரை இருக்கு, இதுக்கு இல்லயான்னு கேட்டேன். "இதுக்கு அது அவ்வளவா கேக்காது ஐலா"ன்னாரு. அப்பறம் அவரு பேனாவ எங்கியோ வச்சுட்டு தேடிக்கிட்டு இருந்தாரு. நான்தான் காதுல இருக்குன்னு சொன்னேன்.

எழுதி வச்சுக்கக் கூடாதான்னு கேக்கறீங்க. கேக்கலயா? மூஞ்சியில கேட்டீங்க. எல்லாரும் கேப்பாங்க. எழுதி வைப்பேன் தம்பி. எழுதி வச்சத பாக்கணும்னு எனக்கு யாரு ஞாபகப்படுத்தறது? பேப்பர் வாயத் தொறந்து கூப்புடுமா? கூப்புட்டுச்சுன்னா அதுக்கு வேற மாத்திரை குடுப்பாங்க. போன்ல அலாரம் வச்சுப் பாத்தேன். அடிக்கும். எதுக்கு அடிக்குதுன்னு தெரியாது. ஒரு நாள் அலாரம் அடிச்சுச்சேன்னு அவசர அவசரமா கோட்ட மாட்டிக்கிட்டு பஸ் ஏறி ஊர்க் கோடி வரைக்கும் போயிட்டேன். அது ஓவன்ல வச்ச ரொட்டிக்கு அடிச்ச அலாரம்.

அப்பறம் ஒரு வெள்ளிக்கிழம மீன் சூப்பு வச்சேன். சால்மன், உருளைக்கெழங்கு, பால், டில் கீர. எங்க அம்மா வழி சூப்பு. மாடியில எல்லாருக்கும் அன்னிக்கு எங்க வீட்டுலதான். உப்பு போட்டேன். அப்பறம் உப்பு போடலயேன்னு போட்டேன். அப்பறம் போட்டேனான்னு ஒரு சந்தேகம், எதுக்கும் இருக்கட்டும்னு போட்டேன். ஓரெஸ்ட் இருக்கான் பாருங்க, அதோ, காதுமூடிக் குல்லாவோட ஒத்தக் கால்ல நிக்கறான் பாருங்க, அவன் ஒரு ஸ்பூன் வாயில வச்சான். வச்சுட்டு மெதுவா சொல்றான், "ஐலா, இந்த மீனு ஏரி மீன் இல்லயே, நேரா சமுத்திரத்துல இருந்து வந்திருக்கு போல"ன்னு. மரியெட்டா முழு கிண்ணமும் குடிச்சா. ஏன்டி குடிச்சேன்னு கேட்டா, "நீ வருத்தப்படுவியேன்னு"ங்கறா. அன்னிக்கு ராத்திரி பூரா தண்ணி குடிச்சுக்கிட்டே இருந்தா.

அப்பதான் ஓரெஸ்டுக்கு அந்த யோசனை வந்துச்சு. நம்ம ஒவ்வொருத்தர் ஸ்டூல்லயும் ஒரு சாமான்தான நிக்குது, அப்ப எல்லா ஸ்டூலையும் சேத்துப் போட்டா ஒரு மேஜை ஆயிடும்ல? ஆளுக்கு ஒண்ணு. உப்பு அவன்கிட்ட. அவன் வேற எதையும் நெனைக்கக் கூடாது, அவன்கிட்ட யாரும் வேற பேச்சு குடுக்கக் கூடாது. நான் உப்பு போட்டதும் "ஓரெஸ்ட், போட்டாச்சு"ம்பேன். அவன் "வாங்கிக்கிட்டேன்"ம்பான். அதுக்கப்பறம் நான் உப்பு டப்பாகிட்ட போனா "போட்டாச்சு"ன்னு சொல்றது அவன் வேல. முடிஞ்சுதா? சுலபம். நடைவழியில அவன் "உப்பு... உப்பு..."ன்னு முணுமுணுத்துக்கிட்டே நடப்பான். மேல் மாடிக்காரங்க பாத்துட்டு, பாவம் முத்திடுச்சுன்னு ஒதுங்கிப் போவாங்க. ஒரு தடவ அவனே நின்னு சொன்னான், "ஏங்க, என் வியாதி வேற, இது வேல"ன்னு.

மரியெட்டாவுக்குத்தான் அடுப்பு. ஏன்னா எங்க மாடியிலயே புடிச்சு வைக்கறதுல அவள அடிச்சுக்க ஆளு கெடையாது. ஒரு தடவ "வெங்காயம் வாங்கணும்"ன்னு அவகிட்ட குடுத்துட்டேன். குடுத்த அன்னிக்கே அவ அத்த செத்துட்டாங்க. அடக்கத்துக்குப் போனா, அழுதா, பாதிரியார் கையக் குலுக்கினா, சாண்ட்விச் சாப்ட்டா, மறுநாள் பஸ்ல திரும்பி வந்து கோட்டக் கூட கழட்டாம என் கதவத் தட்டி, "ஐலா, வெங்காயம்"ன்னா. "வாங்கிக்கிட்டேன் மரியெட்டா"ன்னேன். அதுக்கப்பறம்தான் உக்காந்து ஒழுங்கா அழுதா. அப்பேர்ப்பட்டவ. அவகிட்ட போயி நான் குத்தம் சொல்ல முடியுமா... சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன், ஆனாலும்.

தம்பி, அந்தக் கட்டடத்தையே பாக்காதீங்க, பாத்தா அணைஞ்சுடாது. இங்க பாருங்க.

இன்னிக்கு எனக்கு பரீட்ச. அதான் விசேஷமே. அதோ, சிவப்பு கம்பளிக் குல்லா, கையில அட்ட, வெரல் நடுங்க நடுங்க எழுதிக்கிட்டு நிக்குதே ஒரு பொண்ணு, அது ஜோஸ்லின். நம்ம தெனப்படி வேலைய நம்மளே பாத்துக்குவோமான்னு பரீட்ச வைக்கற உத்தியோகம். அது நல்ல பொண்ணுதான். நான் தனியா அடுப்பு வச்சுக்கிட்டு இருக்கலாமா கூடாதான்னு எழுதிக் குடுக்கணும் அது. கூடாதுன்னு எழுதிடுச்சுன்னா ஒரு ஆளு வந்து அடுப்பக் கழட்டிக்கிட்டுப் போயிடுவான். அடுப்பு இல்லாத ஆளுக்கு இந்த வீடு எதுக்குன்னு என்னைய தட்டுச் சாப்பாடு போடற காப்பகத்துக்கு அனுப்பிடுவாங்க. அங்க இருந்திருக்கேன் தம்பி. ரொம்ப வருஷம். கெட்ட எடம்னு சொல்ல மாட்டேன். மெத்து மெத்துன்னு நாற்காலி, சிரிச்ச முகம். ஆனா மணி அடிச்சாத்தான் பசிக்கணும். தட்டு வரும், பட்டாணி இருக்கும், மூடி போட்டிருக்கும். மூடியத் தொறந்து வச்சா சமையல் முடிஞ்சுது. ஒரு ஆளு பசியோட வந்து கதவத் தட்டினா "உக்காரு, ஒரு கிண்ணம் ஊத்தறேன்"னு சொல்ல முடியாது அங்க. ஏன்னா ஊத்த ஒண்ணும் இருக்காது. அந்த ஒண்ணுதான். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்.

சரி, பொண்ணு வந்துச்சு. அடுப்படியில ஒரு ஓரமா நாற்காலி போட்டு உக்காந்துச்சு. "ஐலா, நீங்க வழக்கமா எப்படி சமைப்பீங்களோ அப்படியே சமைங்க. நான் இங்க இல்லன்னே நெனச்சுக்கோங்க"ங்குது. நான் சொன்னேன், "இல்லாத ஆளு இருக்கற மாதிரி நெனைக்கறதுதான் என் வியாதின்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. இருபது வருஷமா மாத்திரை போட்டு இப்பதான் அத நிறுத்தியிருக்கேன். இப்ப இருக்கற ஆள இல்லன்னு நெனைக்கச் சொல்றீங்க. எதையாச்சும் ஒண்ண முடிவு பண்ணிச் சொல்லுங்கம்மா"ன்னேன். சிரிக்கல. எழுதிக்கிச்சு.

வழக்கமா எப்படியோ அப்படின்னு சொன்னதால ஓரெஸ்டக் கூப்புட்டேன். மரியெட்டாவக் கூப்புட்டேன். வந்து வரிசையா நின்னாங்க. "இவரு யாரு?"ங்குது பொண்ணு. "இவருதான் உப்பு"ன்னேன். "அவங்க?" "அவ அடுப்ப அணை." பொண்ணு மூஞ்சி போன போக்கப் பாக்கணும். "ஐலா, இது நீங்க தனியா செய்ய வேண்டியது"ங்குது. "சக்கர நாற்காலிக்காரருக்குப் பரீட்ச வச்சா நாற்காலிய வெளிய வச்சுட்டு வாங்கன்னா சொல்வீங்க? இதுங்க ரெண்டும் என் சக்கரம்"னேன். ஓரெஸ்ட் பெருமையா நிமிர்ந்து நின்னான். பொண்ணு அட்டைய முன்னாலயும் பின்னாலயும் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. ஆள் வச்சுக்கக் கூடாதுன்னு அதுல எங்கயும் போடல. சரின்னுடுச்சு.

உருளைக்கெழங்கு வெந்துச்சு. உப்பு போட்டேன். "போட்டாச்சு." "வாங்கிக்கிட்டேன்." மீன போட்டேன். எல்லாம் தேரு மாதிரி போய்க்கிட்டு இருக்கு தம்பி. அப்ப என் போன் அடிக்குது. எடுத்தா யாருங்கறீங்க? அதே பொண்ணு. எதிர்ல உக்காந்துக்கிட்டு, காதுல போன வச்சுக்கிட்டு, என்னையே பாத்துக்கிட்டு, "ஹலோ ஐலா, நான் பல் டாக்டர் ஆபீஸ்ல இருந்து பேசறேன்"ங்குது. நான் போன தள்ளி வச்சு, "ஏம்மா, நீதான அது?"ன்னேன். "நான் இங்க இல்ல"ங்குது. போன்ல, "செவ்வாக்கெழம உங்களுக்கு பல்லு பாக்கணும், ஞாபகம் வச்சுக்கோங்க"ங்குது. நடுவுல இப்படி ஒண்ண எறிஞ்சா நான் என்ன செய்யறேன்னு பாக்கறாங்களாம். அதுதான் பரீட்சயே.

சரி, நானும் யோசிச்சேன். இந்த பல் டாக்டர எங்க வைக்கறது? என் ஸ்டூல்ல மீன் இருக்கு. ஓரெஸ்ட்கிட்ட "உப்பு போட்டாச்சு" இருக்கு. மரியெட்டாகிட்ட அடுப்பு. கை காலியா ஒரு ஆளு இல்ல. அதனால கதவத் தொறந்துக்கிட்டு நடைவழிக்கு ஓடினேன், யாராச்சும் கெடைக்க மாட்டாங்களான்னு. பெர்ட்ரம் படியிறங்கி வந்துக்கிட்டு இருந்தாரு. அதோ, நாயக் கோட்டுக்குள்ள வச்சுக்கிட்டு மொறச்சுக்கிட்டு நிக்கறாரே, மூணாவது மாடி, எங்க மாடின்னாலே ஆகாது அவருக்கு. அவசரத்துக்குப் பாவம் இல்லன்னு, "பெர்ட்ரம், ஒரு பல் டாக்டர கொஞ்ச நேரம் வச்சுக்கறீங்களா?"ன்னு கேட்டேன். "என்னது?"ன்னாரு. "செவ்வாக்கெழம வரைக்கும்தான், அப்பறம் நானே வந்து வாங்கிக்கறேன்"னேன். மனுஷன் நாயத் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டாரு, நான் என்னமோ நாயக் கேட்ட மாதிரி.

அந்த நேரம் பாத்துத்தான் மணி அடிச்சுச்சு. கட்டடம் பூரா. உள்ள ஓடிப் பாத்தா மரியெட்டா ஏற்கனவே கோட்டப் போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டா. மணி அடிச்சா எதையும் எடுக்காம நேரா வெளிய போகணும்னு அவளுக்கு சொல்லியிருக்கு, அவ போயிட்டா. எதையும் எடுக்கல. "அடுப்ப அணை"ய மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிட்டா. ஜோஸ்லின் என் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்துடுச்சு. அது மட்டும் பரீட்சயில இல்ல போல.

இப்ப சொல்லுங்க, நான் அணைச்சேனா இல்லயா? எனக்குத் தெரியல. பொண்ணக் கேட்டேன். "நான் எழுதிக்கிட்டு இருந்தேன் ஐலா, பாக்கல"ங்குது. உக்காந்த எடத்துல இருந்து அடுப்பத் தவிர வேற எதுவும் தெரியாது அங்க. அத பாக்கல. மரியெட்டாவக் கேட்டா, "சூப்பு ஆச்சுன்னு நீ சொன்னாத்தான நான் அடுப்ப அணைன்னு சொல்லணும்? நீ இன்னும் சூப்பு ஆச்சுன்னே சொல்லலயே"ங்கறா. ஞாயம்தான். சட்டப்படி ஞாயம்தான். ஓரெஸ்ட் வந்து தோளத் தட்டி, "ஐலா, ஒண்ணு மட்டும் உறுதி, உப்பு போட்டாச்சு"ங்கறான். கட்டடமே எரிஞ்சாலும் உப்பு சரியா இருக்கும் தம்பி.

கொஞ்சம் இருங்க, யாரோ வெளிய வர்றாங்க. தீயணைப்புக்காரரு... அந்தப் பெரிய மீசக்காரரு. ஜோஸ்லின்கிட்டதான் போறாரு. என்ன சொல்றாரு? உங்களுக்குக் கேக்குதா?

...

அணைஞ்சிருக்காம்.

அணைஞ்சிருக்காம் தம்பி. ரெண்டாவது மாடியில ஒரு சூப்பு இருக்கு, அடுப்பு அணைச்சு, மூடி கூட போட்டிருக்கு, நல்ல வாசனைங்கறாரு. அப்ப என் கை அணைச்சிருக்கு. எனக்குச் சொல்லாம. நான் பல் டாக்டரத் தூக்கிக்கிட்டு ஓடறப்போ என் கை பாட்டுக்கு அணைச்சு மூடி போட்டிருக்கு. முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இப்படி மரியெட்டாவத் திட்டியிருப்பேனா... மரியெட்டா, ஏ மரியெட்டா, அணைச்சாச்சாம்டி. "வாங்கிக்கிட்டேன்", போதுமா, நீ இறக்கி வைக்கலாம். அழாதடி, கண்ணுல தண்ணி ஒறஞ்சுடும்.

அப்ப மணிய அடிக்க வச்ச புகை எங்க இருந்து வந்துச்சு?

இருங்க, இன்னொருத்தரு வர்றாரு. கையில ஒரு வாணலி. ஐயோ, நல்ல கருப்பு. பேக்கன், பன்னிக்கறி வறுவல் வாசன வருது, இல்ல, வந்திருக்கும் ஒரு காலத்துல. "மூணாவது மாடி, கடைசி வீடு. ஆளே இல்ல உள்ள, அடுப்பு முழு வேகத்துல எரியுது. யாருது இது?"ங்கறாரு. சத்தமாத்தான் கேக்கறாரு.

பெர்ட்ரம் என்னமோ சொல்றாரு. "அது காலி வீடாச்சே, கோடையில இருந்து காலி"ங்கறாரு. சொல்லிட்டு யாரப் பாக்கறாரு? என்னைய. எல்லாரும் ஏன் என்னையப் பாக்கறாங்க? "இந்தம்மாதான் பல் டாக்டர வச்சுக்கங்கன்னு நடைவழியில ஓடிக்கிட்டு இருந்துச்சு. மேல ஏறிப் போயி காலி வீட்டுல சமைக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"ங்கறாரு. நாயும் என்னையப் பாக்குது. ஓரெஸ்ட் கூட மெதுவா கேக்கறான், "ஐலா, நீ மேல போனியா?"ன்னு. போகலடா. போகல. போகலன்னுதான் நெனைக்கறேன். பேக்கன் எனக்குப் பிடிக்கும் வேற...

இதுதான் தம்பி கொடும. உங்ககிட்ட யாராச்சும் நீ மேல போயி பேக்கன் வறுத்தியான்னு கேட்டா, இல்லன்னு சொல்லிட்டுப் போயிடுவீங்க. எங்கிட்ட கேட்டா நான் உக்காந்து யோசிக்கணும். போயிருப்பேனோன்னு நானே என்னையக் கேக்கறேன். மனசாரத் திரும்பிப் பாத்தா அங்க ஒரு கால் மணி நேரம் வெள்ளையா இருக்கு, இந்தப் பனி மாதிரி. அதுல யாரு வேணும்னாலும் நடந்து போயிருக்கலாம், காலடி தெரியல. ஜோஸ்லினப் பாருங்க. பேனாவ அட்ட மேல வச்சிருச்சு. எழுதல இன்னும். எழுதப் போகுது. எழுதிடுச்சுன்னா முடிஞ்சுது, மூடி போட்ட தட்டு, பட்டாணி.

அந்த வாணலியக் கொஞ்சம் இப்படிக் காட்டுங்க சார்... ஆமா, திருப்புங்க, கைப்பிடிய.

விலைச் சீட்டு ஒட்டியிருக்கு தம்பி கைப்பிடியில. பாதி கருகி, பாதி ஒட்டிக்கிட்டு. புத்தம் புது வாணலி. எங்க மாடியில புது வாணலி யாருகிட்டயும் கெடையாது. எல்லாம் சர்ச்சுல இருந்து வந்தது, ஒண்ணுக்காச்சும் நேரான அடி கெடையாது, முட்ட ஊத்தினா ஒரு பக்கமா ஓடும். இது என்னுது இல்ல. நான் போகல. அப்பாடா, நான் போகல.

அப்ப புதுசா ஒரு வாணலி வாங்கி, புதுசா ஒரு வீட்டுல...

தம்பி, நீங்க எந்த மாடின்னு சொல்லவே இல்லயே.

ம்.

போர்வைக்குள்ள அப்படி நடுங்காதீங்க. குளிரா? சரி, குளிராவே இருக்கட்டும். நான் சத்தமா சொல்ல மாட்டேன். மெத்தையத் தூக்கி, பெட்டியத் தூக்கி, பசி எடுத்து, வாணலிய வச்சுட்டு, வண்டியில இன்னொரு பெட்டி இருக்கேன்னு கீழ எறங்கி வந்தீங்க. அதான? எறங்கி வந்ததும் அந்தப் பெட்டி மனசுல ஏறி உக்காந்துக்கிச்சு, வாணலி உருண்டு விழுந்துடுச்சு. எனக்குத் தெரியாதா அது? என்னைய விட யாருக்குத் தெரியும்? தெனமும் அதுதான என் பொழப்பு.

ஆனா ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நீங்க "என்னுதுதாங்க"ன்னு ஒரு வார்த்த சொன்னா உங்களுக்கு என்ன ஆகும்? "அடடா, வீடு மாத்தற அலைச்சல், பாவம்"ன்னு முதுகத் தட்டுவாங்க. பெர்ட்ரமே காபி வாங்கிக் குடுப்பாரு. யாரும் உங்க முன்னால நாற்காலி போட்டு உக்காந்து எழுத மாட்டாங்க. எதிர்ல உக்காந்து போன் பண்ண மாட்டாங்க. உங்க அடுப்பக் கழட்ட ஆளு வராது. நீங்க மறந்தா அது மறதி. அதையே நான் மறந்தா... ஏன், மறக்காமலே இருந்தா கூட, அது வியாதி. பாருங்க, என் அடுப்பு அணைஞ்சுதான் இருக்கு, எல்லாக் கண்ணும் எங்கிட்டதான் இருக்கு.

சொல்றீங்களா?

சொல்ல மாட்டீங்க. சரி. வாய் ஒறஞ்சு போச்சு போல. உங்க வாயில இருக்கறத நான் எடுத்துக் குடுக்க முடியாது. நான் வேற மாதிரி கேக்கறேன். இருங்க, இந்தக் கல்லு மேல ஏறிக்கறேன், கையக் குடுங்க, ஆங்.

ஏங்க. எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க. பெர்ட்ரம், நீங்களும்தான். நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், அப்பறம் ஜோஸ்லின் என்ன வேணாலும் எழுதிக்கட்டும். இங்க நிக்கறவங்கள்ல யாராச்சும், வாழ்க்கையில ஒரே ஒரு தடவையாச்சும், அடுப்பு மேல எதையாச்சும் வச்சுட்டு மறந்து போயிருக்கீங்களா? கையத் தூக்குங்க. கையுறையோட தூக்கினா போதும், கழட்ட வேணாம்.

யாரும் தூக்கலயா? பரவால்ல, யோசிங்க. குளுருதுதான். நானும்தான் செருப்போட நிக்கறேன்.

அந்தத் தாத்தா தூக்கறாரு. நல்லது. என்ன தாத்தா? கஞ்சியா? கல்யாணம் ஆன மறுநாளா? சரி சரி, ஏன்னு நாங்க கேக்கல. அந்தப் பொண்ணு தூக்கறா. அவ புருஷனும், பொண்டாட்டியப் பாத்துட்டு. மீசக்காரரே, நீங்களுமா? தீயணைப்புக்காரரு தூக்கறாரு பாருங்கய்யா. என்ன வச்சீங்க? பால் புட்டி. கொதிக்க வச்சுட்டு அப்படியே வேலைக்கு வந்துட்டீங்களா, உங்க வீட்டுக்கு நீங்களே தீயணைப்பு வண்டியில போய் இறங்கினீங்களா... அட கடவுளே. யாரும் சிரிக்காதீங்க. சரி, சிரிங்க, அவரே சிரிக்கறாரு. மரியெட்டா, ஓரெஸ்ட், நீங்க தூக்க வேணாம், உங்களத் தெரியும், சரி, தூக்கிட்டீங்க, இருக்கட்டும். பெர்ட்ரம்? நாயக் கீழ விடுங்க பெர்ட்ரம், ஓடாது. ஆங். பாதிதான் வருது கை, போதும், பாதி எனக்குப் போதும். ஹாக்கி பாத்துக்கிட்டு இருந்தீங்களா? யாரு ஜெயிச்சா? அது மட்டும் ஞாபகம் இருக்கு பாருங்க.

ஜோஸ்லின்... ஏம்மா, நீயுமா? பேனாவோட தூக்கியிருக்கு பொண்ணு. இறக்கிடாதம்மா, அப்படியே இரு, நல்லாருக்கு.

எல்லாக் கையும் மேல இருக்கு. இந்த வண்டி நிறுத்தற எடத்துல இருக்கற அத்தன கையும்.

தம்பி, எங்க நகந்துக்கிட்டே போறீங்க? உங்க கை மட்டும்தான் இன்னும் போர்வைக்குள்ள இருக்கு. ஏன் தம்பி, உங்களுக்கு மட்டும் இது நடந்ததே இல்லயா?